டைன் ஆற்றங்கரையில் இறங்குங்கள்

லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் போகும் நம்மவர்கள் பலரும் நியூகாசிலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். கிளம்பி மூன்று மணி நேரம் ஆவதற்குள் ரயிலின் வேகம் குறையும். ஆழத்தில் டைன் ஆறு தெரியும். வலப்பக்கம் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் பாலங்கள் நிற்கும். பெட்டியில் எல்லோரும் கைப்பேசியை எடுப்பார்கள். சில நிமிடங்களில் ரயில் மறுபடி கிளம்பிவிடும், ஊர் முடிந்துவிடும்.

நான் இந்த ஊரில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். இங்கிலாந்து சுற்றிப் பார்க்க வரும் உறவினர், நண்பர் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரு கோட்டையைக் குறைத்துக்கொண்டாவது இங்கே இரண்டு நாள் தங்குங்கள். இந்த நாட்டில் சுற்றுலா என்றால் அரண்மனை, பேராலயம், பழைய கல்லூரி என்றுதான் பெரும்பாலும் அமையும். நியூகாசிலின் பெருமைகள் வேலைக்காகக் கட்டப்பட்டவை. நிலக்கரியை ஆற்றுக்குக் கொண்டுவர, ரயிலை அக்கரைக்கு அனுப்ப, கப்பலுக்கு வழிவிட, ஜனங்கள் காய்கறி வாங்க. அவற்றில் பலவும் இன்றைக்கும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. வேலை செய்கிற பொருளுக்கு ஓர் அழகு உண்டு என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இங்கிலாந்தில் இல்லை என்பது என் கட்சி.

எல்லாம் நிலக்கரியில் தொடங்குகிறது. பல நூற்றாண்டுகள் லண்டனின் அடுப்புகள் எரிந்தது டைன் கரையிலிருந்து கப்பலில் போன கரியால்தான். இந்த ஊருக்குக் கரி விற்கப் போவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதை. சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரை வரை வண்டிகளைக் குதிரைகள் இழுக்க, சக்கரம் சேற்றில் புதையாமலிருக்க மரத்தில் தண்டவாளம் போட்டார்கள். மரம் பிறகு இரும்பானது, குதிரை இருந்த இடத்தில் நீராவி இன்ஜின் வந்தது. உலகத்துக்கு ரயில் கிடைத்த வழி இதுதான்.

ஆகவே ரயில் நிலையத்திலேயே பார்வையைத் தொடங்கலாம். ஜான் டாப்சன் வடிவமைத்த சென்ட்ரல் ஸ்டேஷன் 1850இல் விக்டோரியா மகாராணி கையால் திறக்கப்பட்டது. நடைமேடைகள் வளைந்து செல்கின்றன; மேலே உள்ள இரும்புக் கூரையும் அந்த வளைவோடு கூடவே திரும்பிக்கொண்டு போகிறது. நடைமேடையின் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

வெளியே வந்ததும் சாலையோரம் ரயில் இன்ஜின் முன்னோடி ஜார்ஜ் ஸ்டீஃபன்சனின் சிலை உயரமாக நிற்கும். அவரைவிட எனக்குப் பிடித்தவர்கள் பீடத்தின் நான்கு மூலைகளில் இருக்கும் நால்வர்: ஒரு சுரங்கத் தொழிலாளி, ஒரு கொல்லர், ஒரு இன்ஜின் தொழிலாளி, தண்டவாளம் பதிப்பவர் ஒருவர். தலைவருக்குச் சிலை வைக்கும்போது தொழிலாளிகளையும் கூட உட்காரவைத்த ஊர் இது.

சிலைக்குப் பக்கத்திலேயே இந்த ஊரில் நான் மிக நேசிக்கும் கட்டடம் இருக்கிறது. இலக்கிய, தத்துவக் கழகம் என்பது முழுப் பெயர்; ஊரார் வாயில் லிட் அண்ட் ஃபில். கழகம் தொடங்கியது 1793இல், இப்போதைய கட்டடம் 1825இல். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினராக வேண்டும். உள்ளே போய்ப் பார்க்க யாரையும் தடுப்பதில்லை. படியேறிப் போனால் உயர்ந்த கூரையிலிருந்து பகல் வெளிச்சம் விழும் பெரிய வாசிப்பு அறை. சுவர் முழுக்கப் புத்தகம், அதற்கு மேலே இரும்பு மாடம் வைத்து மறுபடியும் புத்தகம். ஒரு மூலையில் டீ கிடைக்கும். கோப்பையை எடுத்துக்கொண்டு நீண்ட மர மேசையில் உட்கார்ந்துவிடலாம்.

1815இல் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், சுரங்க வாயு பற்றிக்கொள்ளாதபடி தான் செய்த காப்பு விளக்கை இந்தக் கழகத்தாருக்குக் காட்டினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆற்றுக்கு அக்கரையில் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 90க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். தீச்சுடர் இல்லாமல் குழிக்குள் வேலை நடக்காது, சுடர் இருந்தாலோ வாயு பற்றிக்கொள்ளும். பள்ளிக்கூடமே போகாத, பதினெட்டு வயதுக்கு மேல்தான் எழுதப் படிக்கக் கற்ற ஸ்டீஃபன்சன், கில்லிங்வொர்த் சுரங்கத்தில் வாயு கசியும் இடத்துக்கே விளக்கைக் கொண்டுபோய்ச் சோதித்தார். அதே ஆண்டில் லண்டனில் பெயர்பெற்ற விஞ்ஞானி சர் ஹம்ஃப்ரி டேவியும் ஒரு காப்பு விளக்கு செய்திருந்தார். படிக்காத சுரங்கக்காரன் இதைத் தானாகச் செய்திருக்க முடியாது என்று டேவியின் தரப்பு சொன்னது. நியூகாசில்காரர்கள் விடவில்லை. விசாரித்து, ஸ்டீஃபன்சன் சுயமாகக் கண்டுபிடித்ததுதான் என்று அறிவித்து, 1,000 பவுண்டு திரட்டி அவர் கையில் கொடுத்தார்கள்.

அவருடைய மகன் ராபர்ட் தாயில்லாப் பிள்ளை. தனக்குக் கிடைக்காத படிப்பு மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று அப்பா அவனை நியூகாசில் பள்ளியில் சேர்த்தார். கில்லிங்வொர்த்திலிருந்து கழுதை மேல் ஏறி வந்து படித்தான் பையன். லிட் அண்ட் ஃபில்லில் அவனை உறுப்பினராக்கினார்கள். இங்கிருந்து எடுத்துப்போன புத்தகங்களை மகன் வாசிக்க, அப்பாவும் கூடவே கற்றுக்கொண்டார். வெளியே கொண்டுபோக அனுமதியில்லாத புத்தகங்களில் இருந்த இயந்திரப் படங்களை அவன் பார்த்து வரைந்து கொண்டுபோனான். இருவரும் சேர்ந்து 1823இல் தொடங்கிய இன்ஜின் தொழிற்சாலை ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் சவுத் ஸ்ட்ரீட்டில் இருந்தது. 1829இல் ராக்கெட் இன்ஜின் அங்கிருந்துதான் வெளியே வந்தது.

இதே கழகத்தின் சொற்பொழிவு அரங்கில்தான் 1880 அக்டோபரில் ஜோசப் ஸ்வான் வாயு விளக்குகளைத் தணிக்கச் சொல்லிவிட்டுத் தன் மின்விளக்குகளை ஏற்றினார். எடிசன் பெயரை மட்டும் படித்து வளர்ந்த நமக்கு ஸ்வானைத் தெரியாமல் போனது பெரிய குறை. பின்னாளில் எடிசனே அவரோடு கூட்டு வைத்துக் கம்பெனி நடத்த வேண்டியிருந்தது.

அங்கிருந்து சற்று நடந்தால் கோட்டை. வெற்றிவீரன் வில்லியமின் மகன் ராபர்ட் 1080இல் மரத்தில் கட்டிய புதிய கோட்டைதான் ஊருக்கே பெயரானது. இப்போது நிற்கும் கல் கோபுரம் இரண்டாம் ஹென்றி 1172க்கும் 1177க்கும் இடையில் கட்டியது. அதன் வாசலாக 13ஆம் நூற்றாண்டில் எழுந்த பிளாக் கேட் சற்றுத் தள்ளித் தனியாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ரயில் பாதை. 1840களில் தண்டவாளம் போட இடம் வேண்டியிருந்தது, கோட்டை வளாகத்தின் நடுவிலேயே போட்டுவிட்டார்கள். பழமையைப் போற்றுகிறவர்களுக்கு இது வலிக்கலாம். எனக்கென்னவோ, ஊரின் குணத்தை இதைவிடத் தெளிவாக எந்த இடமும் காட்டுவதில்லை. கட்டணம் கொடுத்துக் கோபுரத்தின் உச்சிவரை ஏறுங்கள். படிகள் குறுகல், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். மேலே நின்றால் ஒரு பக்கம் ரயில்கள் காலடியில் ஊர்ந்து போகும், மறுபக்கம் பாலங்கள் எல்லாம் தெரியும்.

கோட்டையை ஒட்டியே ஹை லெவல் பிரிட்ஜ் தொடங்குகிறது. கழுதையில் வந்து படித்த அந்தப் பையன், ராபர்ட் ஸ்டீஃபன்சன், கட்டிய பாலம். 1849இல் திறந்தது. இரண்டு தளங்கள்: மேலே ரயில், கீழே சாலையும் நடைபாதையும். மேல்தளம் ஆற்றிலிருந்து ஏறக்குறைய 120 அடி உயரம். இந்தப் பாலத்தைப் படகிலிருந்தோ கரையிலிருந்தோ பார்த்தால் போதாது, நடந்தே ஆக வேண்டும். இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்க அவற்றினூடே நடப்பீர்கள். ரயில் ஒன்று மேலே வந்தால் முதலில் தூண்களில் ஓர் அதிர்வு, பிறகு தலைக்கு மேல் கனத்த உருளல், கை வைத்திருக்கும் கைப்பிடி இரும்பில் அது தெரியும். 19ஆம் நூற்றாண்டு இரும்பு இன்னும் பாரம் சுமக்கிறது என்பதை உள்ளங்கையால் அறிந்துகொள்ளலாம். ஒரு குறை மட்டும் இருந்தது. தெற்கிலிருந்து வரும் ரயில் இந்தப் பாலம் வழியாக ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம் நுழைவதால், எடின்பரோ போக வேண்டுமானால் திரும்பிப் பின்னோக்கிப் போக வேண்டும். அதைச் சரிசெய்ய 1906இல் மேற்கே இன்னொரு பாலம் கட்டினார்கள், ஏழாம் எட்வர்ட் பாலம். இன்று லண்டன் ரயில்கள் பெரும்பாலும் வருவது அதன் வழியாகத்தான்.

பாலத்தைக் கடந்தால் கேட்ஸ்ஹெட். அது தனி ஊர், நியூகாசில் என்று சொல்லிவிட்டால் கேட்ஸ்ஹெட்காரர்களுக்குக் கோபம் வரும். அங்கிருந்து சரிவில் இறங்கி, சிவப்பும் வெள்ளையுமாகத் தாழ்வாக இருக்கும் ஸ்விங் பிரிட்ஜ் வழியாக நியூகாசில் கரைக்குத் திரும்புங்கள். ரோமானியர்கள் கி.பி. 122 வாக்கில் பாலம் கட்டியது இந்த இடத்தில்தான் என்று கருதுகிறார்கள். இடைக்காலக் கல் பாலத்தை 1771 நவம்பர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பின் கட்டிய பாலம் பெரிய கப்பல்களை ஆற்றின் மேற்பகுதிக்கு விடவில்லை. அங்கே எல்ஸ்விக்கில் வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கின் பீரங்கித் தொழிற்சாலை இருந்தது. எனவே 1876இல் அச்சில் திரும்பிக் கப்பலுக்கு வழிவிடும் இந்தப் பாலம் வந்தது. தண்ணீர் அழுத்தத்தில் இயங்கும் இயந்திரத்தைச் செய்தது ஆம்ஸ்ட்ராங்கின் கம்பெனியே. அழகான பொறியியல்தான். ஆனால் அந்த வழியாக இறங்கி வந்தவை போர்க்கப்பல்களும் பீரங்கிகளும் என்பதை மறைத்து ஊரைப் புகழ எனக்கு மனமில்லை. 1905இல் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை முறியடித்த ஜப்பானியக் கப்பல்களில் பல டைன் கரையில் கட்டியவை. நம் பக்கத்துக்கும் ஒன்று வந்தது: 1945இல் இங்கே வாக்கர் கப்பல்துறையிலிருந்து ஹெர்குலிஸ் என்ற பெயரில் நீரில் இறங்கிய விமானந்தாங்கிக் கப்பல்தான், பிறகு பெல்ஃபாஸ்டில் முடிக்கப்பட்டு, 1961இல் இந்தியக் கடற்படையின் விக்ராந்த் ஆனது.

ஸ்விங் பிரிட்ஜிலிருந்து இறங்கியதும் எதிரே மரச்சட்டங்களோடு பல அடுக்கு ஜன்னல்கள் வைத்த பழைய வீடுகள். 1772இல் இதில் ஒன்றின் முதல் மாடி ஜன்னல் வழியாக பெஸ்ஸி சர்ட்டீஸ் என்ற பணக்கார வீட்டுப் பெண் இறங்கி, கரி வியாபாரி மகன் ஜான் ஸ்காட்டோடு ஸ்காட்லாந்துக்கு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். ஓடிப்போன மாப்பிள்ளை பின்னாளில் நாட்டின் நீதித்துறைத் தலைமைப் பதவியான லார்ட் சான்ஸலர் ஆனார், எல்டன் பிரபு என்று பட்டம் வாங்கினார். ஊர் நடுவில் இருக்கும் எல்டன் ஸ்குவேர் கடைவளாகம் அவர் பெயரைத்தான் தாங்குகிறது.

நிமிர்ந்து பார்த்தால் டைன் பிரிட்ஜ். 1928 அக்டோபரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்துவைத்த பச்சை எஃகு வளைவு, ஒரு காலிலிருந்து மறுகால் வரை 162 மீட்டர். சிட்னி துறைமுகப் பாலத்துக்கு இதுதான் மாதிரி என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். இரண்டையும் கட்டியது மிடில்ஸ்பரோவின் டார்மன் லாங் கம்பெனிதான். ஆனால் சிட்னி ஒப்பந்தம் இதற்கு முன்பே, 1924இல் கையெழுத்தானது. அது பெரிது என்பதால் முடிய 1932 ஆனது. டைன் பிரிட்ஜுக்கு நூறு வயது நெருங்குவதால் 2024இல் பெரிய செப்பனிடும் வேலை தொடங்கியிருக்கிறது, ஆகவே சாரமும் திரையும் உங்கள் படத்தில் விழக்கூடும்.

அந்த வேலைக்காரர்கள் ஒரு குடித்தனக் கூட்டத்தை அனுசரித்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பாலத்தின் எஃகு விளிம்புகளிலும் கற்கோபுரங்களிலும் கிட்டிவேக் என்ற கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. இந்த இனம் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் வாழ்வது. இங்கிருந்து கடல் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். கடலைவிட்டு உள்ளே இவ்வளவு தூரம் வந்து இவை குஞ்சு பொரிக்கும் இடம் உலகத்தில் வேறு இல்லை. குளிர்காலம் முழுவதும் அட்லாண்டிக் நடுவில் கழித்துவிட்டு, பிப்ரவரி மார்ச்சில் வந்து சேரும். ஆகஸ்டு முடிவதற்குள் போய்விடும். வெள்ளை உடல், சாம்பல் சிறகு, மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுத்த சிறகு நுனி. தன் பெயரையே கூவிக் கத்தும். எச்சமும் நாற்றமும் பொறுக்காமல் சிலர் கம்பி வலை அடிக்கச் சொல்கிறார்கள், பறவைகளுக்காகப் பேசுகிறவர்களும் அதே அளவு உரக்கப் பேசுகிறார்கள். நான் பறவைகளின் கட்சி. தொப்பி போட்டுக்கொண்டு கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தால் மில்லேனியம் பிரிட்ஜ், நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் 2001இல் திறந்தது. கப்பல் வந்தால் பாலம் முழுதும் 40 பாகை சாய்ந்து உயரும், கண் இமை திறப்பதாகச் சொல்வார்கள். சாயும் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், பார்த்து வைத்துக்கொண்டு போங்கள். அக்கரையில் மாவு மில்லாக இருந்து 2002இல் கலைக்கூடமான பால்டிக், பக்கத்திலேயே கண்ணாடியில் உருண்டு திரண்ட கிளாஸ்ஹவுஸ் இசை அரங்கம். பால்டிக்கின் மேல்மாடிக்குப் போனால் ஆறு முழுதும் தெரியும், செலவில்லை.

இன்னும் கிழக்கே ஊஸ்பர்ன் பக்கம் தரைக்கு அடியில் இருக்கிறது விக்டோரியா டன்னல். ஊருக்கு வடமேற்கே இருந்த சுரங்கத்திலிருந்து கரியை ஆற்றுக்குக் கொண்டுவர 1842இல் முடித்த சுரங்கவழி, நீளம் ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர். கரி வண்டிகள் சரிவில் தாமாக உருண்டு இறங்கும். காலி வண்டிகளை மேலேயிருந்து நீராவி இன்ஜின் கயிறு கட்டி இழுக்கும். 1860இல் மூடிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் 9,000 பேர் ஒதுங்கக்கூடிய குண்டுவீச்சுத் தஞ்சமாக அதை மாற்றினார்கள். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போகலாம், முன்பதிவு கட்டாயம். கோடையிலும் உள்ளே குளிரும்.

இரண்டாம் நாள் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றிலிருந்து மேலே போகும் கிரே ஸ்ட்ரீட் வளைந்தபடியே ஏறுவதால் அடுத்த கட்டடம் என்ன என்பது நடக்க நடக்கத்தான் தெரியும். 1830களில் ரிச்சர்டு கிரெயிஞ்சர் என்ற கட்டடக்காரர், டாப்சன், நகராட்சி எழுத்தர் ஜான் கிளேட்டன் மூவரும் சேர்ந்து ஊரின் நடுப்பகுதியையே புதிதாக எழுப்பினார்கள். தெருவின் தலைப்பில் கிரே பிரபுவின் தூண், 1838. அவர் பிரதமராக இருந்தபோதுதான் 1832 தேர்தல் சீர்திருத்தமும் 1833 அடிமை ஒழிப்புச் சட்டமும் வந்தன. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட, 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வராமலிருப்பதில்லை. 

பக்கத்தில் 1835இல் திறந்த கிரெயிஞ்சர் மார்க்கெட். இறைச்சி, மீன், காய், பழைய புத்தகம், பொத்தான், கடிகாரம் பழுதுபார்ப்பவர் என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1895 முதல் இருக்கும் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் குட்டிக் கடை இங்கே இன்னும் வியாபாரம் செய்கிறது. இன்னொரு மூலையில் வெய் ஹவுஸ், மனிதர்களை எடை போடும் பழைய தராசுக் கடை. அம்மா வந்திருந்தபோது அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “இதிலே ஏறினா சரியா காட்டுமாடா?” என்று கேட்டுவிட்டு, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, செருப்பையும் விட்டு ஏறி நின்றார். தராசுக்காரம்மா எடையைத் துண்டுச் சீட்டில் எழுதி, “இந்தா, பெட்” என்று, இந்த ஊர்க்காரர்கள் அன்பாக அழைக்கும் சொல்லைச் சொல்லி நீட்டினார். அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட ஸ்டாட்டி கேளுங்கள், தட்டையான கனத்த வட்ட ரொட்டி. நடுவில் பன்றி இறைச்சியும் பீஸ் புட்டிங்கும் வைப்பது வழக்கம். சைவம் என்றால் பீஸ் புட்டிங் மட்டும் கேட்கலாம், ஆனால் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பீஸ் புட்டிங் என்பது மஞ்சள் பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்தது. தாளிக்காத பருப்பு மசியல்தான்.

டிஸ்கவரி மியூசியத்துக்கு அனுமதி இலவசம். வாசலைத் தாண்டியதும் டர்பினியா என்ற நீண்ட ஒல்லியான கப்பல் நிற்கும். சார்லஸ் பார்சன்ஸ் நீராவி டர்பைனைக் கப்பலில் முதன்முதலாகப் பொருத்திய கலம். 1897இல் விக்டோரியாவின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில், யாரும் அழைக்காமலே மணிக்கு 30 கடல் மைலுக்கு மேல் வேகத்தில் கப்பல் வரிசைகளுக்கு நடுவே பாய்ந்து போனது. துரத்திய படகுகளால் பிடிக்க முடியவில்லை. இன்றைய அனல், அணு மின்நிலையங்களில் சுழல்வது அதே வகை டர்பைன்தான்.

பல்கலைக்கழக வளாகத்தில் மார்ட்டின் லூதர் கிங்கின் சிலையைப் பாருங்கள். 1967 நவம்பர் 13 அன்று இங்கே வந்து கௌரவ டாக்டர் பட்டம் பெற்றார். இனவெறி, வறுமை, போர் மூன்றையும் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கேட்ஸ்ஹெட்டில் ஏஞ்சல் ஆஃப் தி நார்த்துக்கு பஸ்ஸில் போகலாம். 1998இல் ஆண்டனி கோர்ம்லி செய்த 20 மீட்டர் எஃகு உருவம், சிறகு 54 மீட்டர். நிற்கும் மேடு பழைய சுரங்க வளாகம். படத்தில் பார்த்துவிட்டோமே என்று விடாதீர்கள், காலடியில் நின்றால்தான் அதன் அளவு புரியும்.

நேரம் மிச்சமிருந்தால் மெட்ரோ ஏறி டைன்மவுத் போங்கள், அரை மணி நேரத்தில் கடற்கரை. சனி, ஞாயிறுகளில் அந்த ஸ்டேஷன் நடைமேடையிலேயே சந்தை நடக்கும். வருவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஜூலை வரை: பகல் நீளம், பறவைகளும் இருக்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அறை எடுக்கும் முன் கால்பந்து அட்டவணையைப் பாருங்கள். ஸ்டேடியம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது, 52,000 பேர் கூடுவார்கள். 2025 மார்ச்சில் நியூகாசில் யுனைடெட் 70 ஆண்டுகளுக்குப் பிறகு உள்நாட்டுக் கோப்பை ஒன்றை வென்றதிலிருந்து அந்த நாட்களில் அறை வாடகை கேட்கவே வேண்டாம். சாலைகள் ஏற்றமும் இறக்கமும் கல் பாவியதுமாக இருப்பதால் நல்ல நடைக்காலணி கட்டாயம், குடையைவிட மழைக்கோட்டு உதவும். ஆற்றங்கரைக் காற்றில் குடை நிற்காது.